செத்தவர் சாமானும் தீட்டும்

(ஒரு தோழருடைய தாயாரின் படத்திறப்புக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இம்மாதிரிக் கூட்டங்களில் இறந்து போனவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் படத்தின் திரையை நீக்கிவிட்டு உட்கார்ந்து கொள்ளுவது வழக்கம். அந்த வேலையைத் தலைவரவர்கள் நம்மைவிட நன்றாகவே செய்துவிட்டார்கள். அம்மையாரை நாம் இரண்டொரு தடவை பார்த்திருக்கிறோமேயல்லாமல் அதிகப் பழக்கமில்லை. ஆதலால் நமக்குத் தெரியாத குணங்களையெல்லாம் அவர் தலையில் ஏற்றிப் புகழுவது யோக்கியமாகாது. காலையில் நாம் வந்து இறங்கியபோது இந்த வீட்டுத் திண்ணையில் ஒரு வாக்குவாதம் நடந்து கொண்டிருந்தது. அதைப் பற்றியே பேசலாமென்று உத்தேசித்திருக்கிறோம்.

வாக்குவாதம் என்னவென்றால், அம்மையார் விட்டுப் போன சாமான்களை என்ன செய்வது என்பது. சாமான் என்றால் பெரிய ஆஸ்தியல்ல. ஒரு தகரப் பெட்டி, அதில் ஐந்தாறு சேலை, ஒரு சுருக்குப்பை, ஒரு பாக்குவெட்டி, ஒரு பக்கத்துக் கம்பி ஒடிந்து நூல் போட்டுக் கட்டிய மூக்குக்கண்ணாடி, ஒரு பழைய செல்போன், பெயர் வெட்டிய ஒரு பித்தளைக் குடம். உறவினர்களில் சில பெரியவர்கள், சேலைகளை வண்ணாருக்குப் போட்டுவிட வேண்டுமென்றும், பையையும் கண்ணாடியையும் ஆற்றோடு விட்டுவிட வேண்டுமென்றும், குடத்தைப் பாத்திரக்கடையில் போட்டு வேறு வாங்கிக் கொள்ளலாமென்றும் சொன்னார்கள். ஏன் என்று கேட்டதற்கு, செத்தவர் சாமான் வீட்டில் கிடந்தால் ஆத்மாவுக்குப் பற்று விடாது, அது சாமானைத் தேடி வீட்டுக்கு வரும் என்றார்கள். தோழருடைய பெண் குழந்தையோ அந்தச் சுருக்குப்பையை மடியில் இறுக்கி வைத்துக் கொண்டு யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்றாள். அவளைச் சிலர் கோபித்துக் கொண்டார்கள். நம்மைக் கேட்டால், அந்தத் திண்ணையில் யோசனையோடு நடந்து கொண்டவள் அவள் ஒருத்திதான்.

பெரியவர்களை நாம் அவமதிக்கவில்லை. ஆனால் ஒரு கேள்வி கேட்டோம். அம்மையார் கழுத்தில் இரண்டு பவுன் சங்கிலி கிடந்ததே, அதை எந்த ஆற்றில் விட்டீர்கள் என்று கேட்டோம். யாரும் பதில் சொல்லவில்லை. அது மூன்றாம் நாளே பங்காகி விட்டதாம். தோழர்களே! மூக்குக்கண்ணாடியைத் தேடி வருகிற ஆத்மா சங்கிலியைத் தேடி வராதா? நூல் சேலைக்குள்ள தீட்டு தங்கத்துக்கு இல்லையா? உலகத்தில் எந்த ஊரிலாவது செத்தவருடைய நிலத்தைத் தீட்டு என்று சொல்லிச் சும்மா விட்டுவிட்டார்களா? பாங்கியில் போட்ட பணத்தைத் தோஷம் என்று எடுக்காமல் இருந்தார்களா? விலை போகாத பொருளுக்கே தீட்டும், விலை போகிற பொருளுக்குப் பாத்தியதையும் வந்து சேருகின்றன. இதற்குச் சாஸ்திரம் வேண்டியதில்லை, தராசு போதும்.

இன்னொரு வேடிக்கையையும் பாருங்கள். வசதியுள்ள வைதீக வீட்டில் ஒருவர் இறந்தால் கட்டில், மெத்தை, குடை, செருப்பு, விளக்கு, சொம்பு முதலியவைகளைப் புதிதாக வாங்கி, தக்ஷணையும் வைத்துப் பார்ப்பனருக்குக் கொடுக்கிறார்கள். அதற்குத் தானம் என்று பெயர். பரலோகத்து வழியில் வெயிலுக்குக் குடையும் முள்ளுக்குச் செருப்பும் செத்தவருக்குப் போய்ச் சேருமாம். வைதரணி என்று ஒரு ஆறு இருக்கிறதாம், அதைத் தாண்டப் பசுவின் வால் வேண்டுமாம். கொடுத்த குடை அடுத்த மழைக்கு அக்கிரகாரத்திலேயே விரிவதையும், கொடுத்த பசு அங்கேயே கன்று போடுவதையும் கொடுத்தவனே கண்ணால் பார்க்கிறான், பார்த்தும் நம்புகிறான்! அதே சாவில், செத்தவர் உடம்போடு கிடந்த துணி வண்ணாருக்குப் போகிறது. அதற்குத் தானம் என்று பெயரில்லை, தக்ஷணையுமில்லை; தீட்டுத் துணி என்று சொல்லி எட்ட நின்று போடுகிறார்கள். சாவு ஒன்று, வீடு ஒன்று. வாங்குகிறவன் மேல்சாதியானால் பொருள் புதியது, பெயர் புண்ணியம். வாங்குகிறவன் கீழே தள்ளப்பட்டவனானால் பொருள் கந்தல், பெயர் தீட்டு. ஆகவே தீட்டு என்பது துணியில் ஒட்டிக் கொண்டிருக்கிற ஒரு வஸ்துவல்லவென்றும், துணி எந்தக் கைக்குப் போக வேண்டுமென்பதற்காக ஏற்படுத்திய ஒரு விலாசச் சீட்டென்றும் தெரிந்து கொள்ளலாம்.

தொத்து வியாதியில் இறந்தவர் துணியைக் கொதிநீரில் போடுவதையோ கொளுத்துவதையோ நாம் ஆட்சேபிக்கவில்லை. அது வைத்தியம். அதற்குக் காரணம் சொல்லலாம், சோதித்தும் பார்க்கலாம்.

துர்மரணம் அடைந்தவர் துணி மகா தோஷம் என்பார்கள். மதுரையில் ராணி மங்கம்மாள் அரண்மனைக் கட்டடத்தில் 1959-இல் திறந்த காந்தி நினைவு அருங்காட்சியகத்தில், 1948 ஜனவரி 30-இல் அவர் சுடப்பட்டபோது உடுத்தியிருந்த துணியின் ஒரு பகுதி இரத்தக் கறையோடு வைக்கப்பட்டிருக்கிறது. பஞ்சாங்கக்காரர் கணக்குப்படி அதைவிடத் தோஷமுள்ள துணி இந்த நாட்டில் இருக்க முடியாது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். அவர்களில் ஒரு பிள்ளையையும் எந்த ஆவியும் பிடித்ததாகக் கேள்வியில்லை. அந்தத் துணி பிள்ளைகளுக்கு ஒரு சங்கதியைச் சொல்லுகிறது. ஒரு மனிதனை இன்னொரு மனிதன் எந்த வெறியால் கொன்றான் என்கிற சங்கதி. அதை ஆற்றில் விட்டிருந்தால் அந்தச் சங்கதியைச் சொல்ல அங்கே ஒரு சாட்சி குறைந்திருக்கும்.

நிற்க, இதெல்லாம் ஆதிகாலந்தொட்டு நம் முன்னோர் கைக்கொண்ட முறை என்று சொல்லுகிறவர்களைத் தாமிரபரணிக் கரையில் உள்ள ஆதிச்சநல்லூருக்குப் போய் வரும்படி கேட்டுக் கொள்ளுகிறோம். அங்கே 1876-இல் பெர்லினிலிருந்து வந்த யாகோர் என்பவரும், 1899 முதல் அலெக்சாண்டர் ரீ என்பவரும் தோண்டிப் பார்த்தார்கள். பெரிய பெரிய தாழிகளும், அவற்றோடு இரும்பு ஆயுதங்களும், வெண்கலப் பாத்திரங்களும், தங்க நெற்றிப்பட்டங்களும், நெல் உமியும், துணித் துணுக்கும் கிடைத்தன. ரீ எடுத்தவற்றைச் சென்னை எழும்பூர் மியூசியத்தில் இன்றும் பார்க்கலாம். அந்த முன்னோர் செத்தவர் சாமானைக் கண்டு பயந்து யாருக்கும் தள்ளிவிடவில்லை. தங்கம் உள்படச் செத்தவரோடேயே வைத்துவிட்டார்கள். செத்தவருக்குச் சோறு வேண்டும், ஆயுதம் வேண்டும் என்று அவர்கள் நினைத்திருந்தால் அதுவும் அறியாமைதான். முன்னோர் செய்ததாலேயே அதை நாம் கொண்டாடப் போவதில்லை. முறை என்பது மனிதர் ஏற்படுத்தியது, மாறியிருக்கிறது, இனியும் மாறும் என்பதற்கு மாத்திரம் அந்தத் தாழிகளைச் சாட்சிக்கு அழைக்கிறோம்.

இனி இந்த விஷயத்தில் மிகக் கொடுமையான பாகத்துக்கு வருகிறோம். இவ்வளவு நேரம் செத்தவருடைய சாமானைப் பற்றிப் பேசினோம். ஆனால் புருஷன் செத்தால் பறிபோகிற சாமான் யாருடையது? உயிரோடு இருக்கிறவளுடையது! வளையல் அவளுடையது, பூ அவளுடையது, பொட்டு அவளுடையது, கலர்ச் சேலை அவளுடையது. பூவும் பொட்டும் அவள் பிறந்த வீட்டில் குழந்தையாயிருந்தபோதே, அந்தப் புருஷன் யாரென்றே தெரியாத காலத்திலேயே, வைத்துக் கொண்டவை. அவன் கொண்டு வந்ததென்று சொன்னால் தாலி ஒன்றைச் சொல்லலாம். சாவு அவனுக்கு, பறிமுதல் இவளுக்கா? பெண்சாதி செத்த புருஷனிடமிருந்து எதைக் கழற்றினார்கள்? சட்டையையா, மோதிரத்தையா, கைக்கடிகாரத்தையா? கருமாதி முடிந்ததும் புது வேட்டி கட்டிவிட்டு, பெண் பார்க்கலாமா என்று காதோடு கேட்கிறார்கள்.

துக்கத்தில் இருக்கிறவளுக்குக் கையில் பிடித்துக் கொள்ள ஏதாவது வேண்டும். அந்த நேரத்தில், அவளோடு சேர்ந்து வாழ்ந்தவனுடைய ஞாபகமாக அவள் உடம்பில் இருக்கிற ஒவ்வொன்றையும் ஊர்ப் பெண்களே கூடி உடைப்பதும் அறுப்பதும் அழிப்பதுமாயிருப்பது எந்தத் தருமத்தில் சேர்ந்தது? அப்படி உடைக்கிறவர்களும் விதவைகளாகவே இருக்கிறார்கள் என்பதுதான் வயிற்றெரிச்சல். தாங்கள் பட்டதை இன்னொருத்தி படாமல் விடக்கூடாதென்று அவர்களுக்குப் பழக்கியிருக்கிறார்கள். இவ்விதச் சடங்கு நம் நாட்டில் பல குடும்பங்களில் ஒழிந்திருக்கிறது; பல ஊர்களில் இன்னும் நடக்கிறது. மராட்டிய நாட்டில் கோலாப்பூர் ஜில்லாவில் ஹேர்வாட் என்கிற கிராமத்தார் 2022 மே மாதத்தில் கிராம சபை கூட்டி, வளையல் உடைப்பது, தாலி அறுப்பது, பொட்டழிப்பது ஆகியவற்றை நிறுத்துவதென்று தீர்மானம் செய்தார்கள். அதைப் பார்த்து அந்த ராஜ்ய சர்க்காரும் மற்ற ஊர்களை அப்படியே செய்யச் சொல்லிற்று. ஒரு கிராமத்துக்கு முடிந்தது நம் ஊருக்கு ஏன் முடியாது?

சிலர் நம்மைப் பார்த்து, “உங்களுக்கென்ன, ஆத்மா இல்லை, மோட்சம் இல்லை என்கிறவர்கள், உங்களுக்குத் துக்கமே இராதே” என்று கேட்பதுண்டு. இது தலைகீழான பேச்சு. மறுபடியும் சந்திப்போம் என்று நம்புகிறவனுக்குப் பிரிவு ஒரு பிரயாணம் மாதிரி. சந்திக்க மாட்டோம் என்று தெரிந்தவனுக்கல்லவா துக்கம் முழுத் துக்கம்?

மனிதனும் மற்றப் பிராணிகளும் ஒரே மூலத்திலிருந்து வந்தவர்கள் என்று எழுதி மதக்காரர்களைக் கலங்கடித்த சார்லஸ் டார்வினுக்கு ஆனி என்று ஒரு மூத்த பெண் இருந்தாள். 1841-இல் பிறந்தவள், 1851 ஏப்ரலில், பத்து வயதில், மால்வெர்ன் என்கிற ஊரில் வைத்தியத்துக்காகத் தங்கியிருந்தபோது இறந்து போனாள். தகப்பனார் பக்கத்தில் இருந்தார். தாயார் எம்மா நிறைமாதக் கர்ப்பிணியாகையால் வரமுடியாமல் ஊரில் இருந்தார். குழந்தை போன ஒரு வாரத்துக்குள் டார்வின் அவளுடைய நடை, பேச்சு, சிரிப்பு எல்லாவற்றையும் மறந்து போவதற்கு முன் காகிதத்தில் எழுதி வைத்தார். தனக்குக் கொடுப்பதற்காக ஒரு சிட்டிகை மூக்குப்பொடியைத் திருட்டுத்தனமாக எடுத்துக் கொண்டு அவள் மாடிப்படியில் ஓடி இறங்கி வருவதைக்கூட விடாமல் எழுதியிருக்கிறார். தாயார் எம்மா தெய்வபக்தியுள்ளவர். அவர் என்ன செய்தாரென்றால், குழந்தையின் சின்ன எழுதுபெட்டியை எடுத்து வைத்துக் கொண்டார். மையோடு காய்ந்த இறகுப் பேனா, அரக்கு, தையல் நூல், காகிதத்தில் மடித்த கொஞ்சம் தலைமயிர் ஆகியவை அதில் இருந்தன. எம்மா 1896-இல் இறந்தார். அந்தப் பெட்டி குடும்பத்திலேயே இருந்து டார்வினுடைய எள்ளுப்பேரன் கைக்கு வந்து, அவர் அதைக் கொண்டு 2001-இல் ஒரு புத்தகமே எழுதினார். நம்பிக்கையுள்ள தாய்க்கும் பெட்டி வேண்டியிருந்தது. நம்பிக்கை போய்க்கொண்டிருந்த தகப்பனுக்கும் எழுதி வைக்க வேண்டியிருந்தது. இடையில் புரோகிதன் வந்து, இந்தப் பேனாவை என்னிடம் கொடு, நான் பரலோகத்தில் சேர்ப்பிக்கிறேன் என்று வாங்கிப் போயிருந்தால் அந்தக் குழந்தையைப் பற்றி நாம் இன்று இவ்வளவு பேச முடியுமா?

சரி, விக்கிரகத்தைக் கும்பிடாதே என்கிற நீங்கள் சுருக்குப்பையை வைத்துக் கொள்ளச் சொல்லுகிறீர்களே, அது மாத்திரம் என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஏனென்றால் ஞாபகப் பொருள் சாமியாகிவிடுவது வெகு சுலபம். கடவுளைப் பற்றிப் பேசாமலே போதித்த புத்தருடையதென்று சொல்லப்படும் ஒரு பல்லைக் கண்டியில் தங்கப் பேழைக்குள் பேழையாக வைத்துப் பூஜை செய்கிறார்கள். அந்தப் பல்லை வைத்திருக்கிறவனுக்கே ராஜ்யம் என்று நம்பினார்கள். 1815-இல் கண்டியைப் பிடித்த வெள்ளைக்காரன்கூட 1818 கலகத்தில் அந்தப் பல் தன் கைக்குத் திரும்பி வருவதைப் பெரிய காரியமாக நினைக்க வேண்டியிருந்தது. ஆசையை விடு என்றவருடைய பல்லுக்கு இந்தக் கதி!

ஆகையால் நாம் சொல்லுகிற வரம்பைச் சரியாகத் தெரிந்து கொள்ளுங்கள். பையை மாடத்தில் வைத்து மாலை போட்டுச் சூடம் காட்டினால் அது விக்கிரகம்தான். அதனிடம் பரீட்சை பாஸாக வேண்டுமென்று கேட்டால் அதுவும் விக்கிரகம்தான். அந்தக் குழந்தை அதில் பேனாவும் சில்லரைக் காசும் போட்டுக் கொண்டு பள்ளிக்கூடம் போகட்டும். சேலையைக் கிழித்துத் தொட்டில் கட்டட்டும், தலைகாணி உறை தைக்கட்டும். கிழிந்து போனால் போகட்டும். பாக்குவெட்டி பாக்கு வெட்டத்தானே இருக்கிறது?

குடத்தைப் பற்றி மாத்திரம் கொஞ்சம் பிடிவாதமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. காலையில் அதைக் கையில் வாங்கிப் பார்த்தோம். கழுத்தோரத்தில் அம்மையாருடைய பெயரும் அவர் கலியாணத் தேதியும் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கிறது. தோழரைக் கேட்டோம், அம்மையார் பெயர் வேறு எங்கெங்கே எழுதியிருக்கிறதென்று. ரேஷன் கார்டு, ஓட்டர் சீட்டு, ஆதார் என்றார். இப்போது ரேஷன் கார்டிலிருந்து பெயரை எடுக்க மனுக் கொடுத்தாய்விட்டது. பட்டாவில் அவர் பெயர் கிடையாது. பள்ளிக்கூடப் பதிவில் கிடையாது; பள்ளிக்கூடமே கிடையாது. கலியாணப் பத்திரிகையில் இன்னாருடைய குமாரத்தி என்றிருந்தது, பிறகு இன்னார் சம்சாரம், அப்புறம் இன்னார் தாயார். அவருடைய தாயார் பெயரென்ன என்று கேட்டதற்கு இந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. நாலு தலைமுறைப் பாட்டன் பெயரைச் சொல்லுகிறார்கள், இரண்டாந் தலைமுறைப் பாட்டி பெயர் தெரியவில்லை!

இது இந்த வீட்டின் குற்றமல்ல. இங்கே கூடியிருப்பவர்கள் தங்கள் தாயைப் பெற்றவளைப் பெற்றவள் பெயரை மனதுக்குள் சொல்லிப் பாருங்கள். எத்தனை பேருக்கு வருகிறது?

வைகைக் கரையில் கீழடியில் தோண்டி எடுத்த பானை ஓடுகளில் ஆதன், குவிரன் என்பது போன்ற பெயர்கள் கீறிக் கிடக்கின்றன. இரண்டாயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட ஓடு. கீறியவன் ராஜாவல்ல. தன் பானை இது என்று அடையாளத்துக்குக் கீறியிருப்பான். அதைக் கொண்டுதான் அன்றைக்குச் சாதாரண ஜனங்களும் எழுதப் படிக்கத் தெரிந்திருந்தார்களென்று இன்றைக்குப் பெருமையாகப் பேசிக் கொள்ளுகிறோம். அந்த ஓட்டைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிட்டு, வீட்டிலிருக்கிற பெயர் வெட்டிய குடத்தைக் கிலோ இன்ன விலையென்று நிறுத்துப் போடுவது என்ன புத்தி? எத்தனையோ வீடுகளில் கிழவிகளின் பெயர் இருக்கிற ஒரே சாசனம் அடுக்களைப் பாத்திரந்தான். பாத்திரம் உருகினால் பெயரும் உருகிப் போகிறது.

பெண்ணுக்குப் பெயர் இல்லாமற் போனதற்குக் காரணம் அவளுக்குச் சொத்து இல்லாமற் போனதுதான். 1929-இல் செங்கற்பட்டு மகாநாட்டில் பெண்ணுக்குச் சமமான சொத்துரிமை வேண்டுமென்று தீர்மானம் போட்டபோது சிரித்தவர்கள் உண்டு. 1956-இல் சட்டம் வந்தது. குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம பாகம் என்பது தமிழ்நாட்டில் 1989-இலும் நாடு முழுவதுக்கும் 2005-இலும் வந்தது. ஆனால் அந்த 1956-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 15-ஆவது பிரிவை வக்கீலிடம் கேட்டுப் பாருங்கள். பிள்ளையில்லாத ஒரு விதவை தானே பாடுபட்டுச் சேர்த்ததை உயில் எழுதாமல் விட்டு இறந்தால், அது அவளைப் பெற்ற தாய் தகப்பனுக்குப் போகுமுன் செத்துப்போன புருஷனுடைய வாரிசுகளுக்குப் போக வேண்டுமென்று அதில் எழுதியிருக்கிறது. அவள் தையல் மிஷினுக்கும் அவள் நகைக்கும் கொழுந்தன் பாத்தியக்காரன்! ஆகையால் தாய்மார்கள் கொஞ்சம் சொத்து இருந்தாலும் உயில் எழுதி வைத்துவிடுங்கள். இரண்டு சாட்சி கையெழுத்து இருந்தால் போதும், பதிவு செய்வது கட்டாயமல்ல, செய்தால் நல்லது.

கடைசியாக அந்தச் செல்போன். தோழர் சொன்னார், அதில் அம்மையார் பேசி அனுப்பின பத்துப் பதினைந்து பேச்சுகள் அப்படியே இருக்கின்றன என்று. சாப்பிட்டாயா, மழை வருகிறதா, பஸ் கிடைத்ததா என்கிற பேச்சுகள்தான். அதைக் கேட்கப் பயமாயிருக்கிறது, அழித்து விடலாமா என்று கேட்டார். அழிக்க வேண்டாம் தோழரே. இப்போது கேட்க முடியாவிட்டால் கேட்க வேண்டாம். வேறொரு இடத்திலும் ஒரு நகல் எடுத்து வைத்துவிடுங்கள், போன் என்றைக்கிருந்தாலும் கெட்டுப் போகிற சாமான். இங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற பாட்டிமார்கள் ஏழெட்டுப் பேர் இருக்கிறீர்கள். பேரன் பேத்திகளை இன்றிரவே ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக் கொண்டு உங்கள் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். உங்கள் பெயர், உங்களைப் பெற்றவள் பெயர், அவளைப் பெற்றவள் பெயர், எந்த ஊரிலிருந்து வந்தாள், என்ன வேலை செய்தாள் என்று எழுதிக் கொள்ளட்டும்.

மணி ஒன்பதாகிறது. நமக்குப் பின்னால் இன்னும் இரண்டு தோழர்கள் பேச வேண்டியிருக்கிறது. கடைசி பஸ்ஸுக்குப் போகிறவர்களும் இருக்கிறீர்கள். ஆகையால் இத்துடன் முடித்துக் கொள்ளுகிறோம்.